பெரிய சேர் உயிரோடு இருந்த நாள்

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம்பாதீர்கள். வாயாடி செய்கிற சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. காரியம் பிசகுகிறது என்று தெரிந்ததும் அவன் "ஐயோ, நிப்பாட்டுங்க!" என்று கத்திவிடுவான். எங்களைப் போன்றவர்கள் கத்த மாட்டோம். இறங்க வேண்டிய இடத்தை பஸ் தாண்டினாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். (கட்டுகஸ்தோட்டையில் இறங்க வேண்டிய நான் ஒருமுறை அலவத்துகொட வரைக்கும் போயிருக்கிறேன். கொண்டக்டர் பாவம், அரைத் தூக்கத்தில் இருந்தார்.)

இப்படிப்பட்ட நான்தான், நல்ல சுகத்தோடு நடமாடிய ஒரு பள்ளிக்கூட அதிபரை, வாயைத் திறக்காமலே ஒரு முற்பகலுக்குள் சாகடித்தேன்.

நான் கட்டுகஸ்தோட்டையில் ஓட்டோ ஓட்டுகிறேன். பிறந்தது தோட்டத்தில், படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றால் எனக்குப் பொலிஸ் ஸ்டேஷன் மாதிரி. வாசலைக் கடக்கும்போது கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கும். பெற்றோர் கூட்டங்களுக்கெல்லாம் என் மனைவி செல்விதான் போவாள். மகள் தரணியின் விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் நானும் போனேன். அதாவது, பாதைக்கு இந்தப் பக்கம் ஓட்டோவை நிறுத்தி, மழைச் சீலையை லேசாக விலக்கி, உள்ளே இருந்தபடியே பார்த்தேன். ஓட்டத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். நான் சத்தம் வராமல் கைதட்டினேன்.

தரணி எட்டாம் வகுப்பில் இருந்தபோது, கொழும்பிலிருந்து சில இளைஞர்கள் அவளுடைய பள்ளிக்கு வந்து ஒரு வாரம் இசைப் பட்டறை நடத்தினார்கள். இசை என்றதும் சுருதிப் பெட்டி, ஸரிகம என்று நினைத்தேன். இது வேறு. பெயின்ட் வாளி, பிஸ்கட் டின், தண்ணீர்க் குழாய்த் துண்டு, சிரட்டை, இவைதான் வாத்தியங்கள். சுற்றியிருக்கிற சத்தங்களைப் பிள்ளைகளே பிடித்துவந்து, அடுக்கி, ஒரு இசையாக்க வேண்டும். (முதல் நாளே எங்கள் வீட்டு மூடிகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டன. அந்த வாரம் முழுக்கச் சோறு திறந்த வெளியில் வெந்தது.)

வாய் திறக்காததில் தரணி என் மகள். பசித்தால்கூடச் சொல்ல மாட்டாள், பானையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிள்ளை அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் பேசத் தொடங்கினாள். கை பேசியது, கால் பேசியது, கரண்டியும் பேசியது. செல்வியும் நானும் புதிதாக வாங்கிய டீவியைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். அம்மா இல்லாட்டி அப்பா கூட வந்து சேர்ந்து அடிக்கணும். நல்லா செய்றவங்கள கண்டியில மேடை ஏத்துறாங்க. வீட்டுல இருந்து யாரும் வராட்டி பின்னால வாங்குப் பலகையில குந்திக்கிட்டுப் பார்க்கத்தான் ஏலும்."

"எனக்கு காமெண்ட் ஃபெக்டரியில லீவு தரமாட்டாங்கடி" என்றாள் செல்வி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"இந்த வாட்டியும் ஓட்டோக்குள்ள இருந்து பாத்தீங்கன்னா..." என்று தொடங்கிய தரணி முடிக்கவில்லை. (நான் ஓட்டோவுக்குள் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.)

"வர்றேன்" என்றேன்.

"வந்தா மட்டும் போதாது. ஒங்க வாழ்க்கையில இருந்து ஒரு சத்தம் கொண்டுவரணும். பாட்டு வேணாம், சினிமா வேணாம். நீங்க கேட்டு வளர்ந்த சத்தம், இல்லாட்டி தினம் கேக்குற சத்தம்."

என் வாழ்க்கையில் சத்தமே இல்லை என்பதுதான் என் வாழ்க்கை. ஆனாலும் ஒன்று கிடைத்தது: ஓட்டோ ஹோன். "பீம், பீம்பீம், பீம்." ஸ்டாண்டில் நின்றபடி இரண்டு நாள் பழகினேன். அண்ணனை நானா என்று கூப்பிடுகிற பக்கத்து ஓட்டோ ரிஸ்வான் தலையை நீட்டி, "என்ன நானா, ஹோன் பழுதா? வாயாலயே அடிக்கிறீங்க?" என்று கேட்டான். ரிஸ்வானின் மகனும் அதே பள்ளிதான். நான் விவரத்தைச் சொன்னேன். அதிகம் பேசாதவன் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம்.

வெள்ளிக்கிழமை சட்டைப் பொத்தான்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பள்ளி வாசலை அடைந்தேன். வோச்சர் பெருமாள் வாசலில் நின்றார். தோட்டத்து மனிதர். எதையும் துக்கக் குரலில்தான் சொல்வார். "பெரிய சேர் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு" என்றார். பெரிய சேர் என்றால் அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர். மாதாமாதம் பிரஷர் பார்க்கப் போகிறவர். பெருமாள் சொன்ன தொனியில் கேட்டால் பிரஷர் மாதிரி இருக்கவில்லை. எனக்கோ, பள்ளிக்குள் பயப்பட ஒரு ஆள் குறைந்ததே என்று சந்தோஷம்.

மண்டபத்துக்குத் தகரக் கூரை. பெற்றோர்களில் பெரும்பாலானவர்கள் டவுன் பக்கத்து ஆட்கள். பட்டறைக்குத் தலைவன் நிரோஷன், தலைமுடியைப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்த யாழ்ப்பாணத்துப் பையன். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வாளியோ டின்னோ வைத்து, "ஒருத்தரும் வெக்கப்படக்கூடாது. இங்க பிழையான சத்தம் எண்டு ஒண்டும் இல்லை" என்றான்.

ஒரு அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் கொடுத்தார். ஒரு அப்பா, பஸ்ஸைப் புறப்படச் சொல்லிக் கொண்டக்டர் தகரத்தில் அடிக்கிற இரண்டு தட்டைக் கொடுத்தார். எனக்கு முன்னால் ரிஸ்வான் எழுந்தான்.

"பீம், பீம்பீம், பீம்."

மண்டபம் கைதட்டியது. ரிஸ்வான் என்னைப் பார்த்து ஒரு கண்ணையும் சிமிட்டினான்.

"அடுத்தது தரணியின்ர அப்பா!"

தலைக்குள் கரண்ட் போய்விட்டது. முன்னால் ஒரு பெரிய பிஸ்கட் டின், கையில் இரண்டு குச்சி, பக்கத்தில் தரணி. என் கை மட்டும் என்னிடம் கேட்காமல் எழுந்தது.

டண்டக்கு டண்டக்கு டண்... டண். டண்டக்கு டண்டக்கு டண்... டண்.

அடித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று என் காதுக்குப் பிடிபட்டது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், லயத்துக்கு லயம், வரிசை வீடுகளுக்கெல்லாம், சேதி சொல்வது தப்பு மேளம்தான். திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தூரத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் அடியைக் கேட்டே புரிந்துகொண்டு கூடையை இறக்கிவிடுவார்கள். சின்ன வயதில் எத்தனை பாடைகளுக்குப் பின்னால் நடந்தேனோ, அந்தச் சாவு அடி என் மணிக்கட்டுக்குள் குடியேறியிருக்கிறது. வேறு நல்ல அடிகளும் கேட்டுத்தான் வளர்ந்தேன். அவை ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

நிரோஷனின் கண்கள் விரிந்தன. "அண்ணை! திருப்பி அடியுங்கோ!"

அடித்தேன். (அடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?)

"இதைத்தான் நான் இந்தக் கிழமை முழுக்கத் தேடினனான்! இது எப்ப அடிக்கிறது அண்ணை?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். அப்போது தரணியைப் பார்த்தேன். அவள் டவுனில் வளர்ந்த பிள்ளை, சாவு மேளம் கேட்டறியாதவள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? வேறு யாருடைய அப்பாவையோ, காரில் வந்து இறங்கிய அப்பாவை, பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் போய் "இது பிணத்துக்கு அடிப்பது" என்று எவன் சொல்வான்?

"எல்லாரும்... வருவாங்க" என்றேன்.

"ஆக்களைக் கூப்பிடுற தாளம்!" என்று நிரோஷன் துள்ளினான். கரும்பலகையில் 'ஊரை அழைக்கும் தாளம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டான். "தரணியும் அப்பாவும் முன்னுக்கு வாங்கோ. இதுதான் கண்டி மேடைக்கு!"

தரணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் பேசியிருந்தால்தான் அதிசயம்.

பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். வாளிகள், டின்கள், குழாய்கள், எங்கள் வீட்டு மூடிகள் எல்லாம் சேர்ந்து தகரக் கூரைக்கு அடியில் முழங்கின. என் தோட்டத்தில் ஒரு கங்காணியார் செத்தபோதுகூட இவ்வளவு பெரிய மேளம் இல்லை. நிரோஷனுக்கு அதுவும் போதவில்லை.

"இதுக்கு நாலு சுவர் காணாது! வெளியில போவம்!"

வெளியே மைதானம். மைதானத்துக்கு மேலே தேயிலை மலை. மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு ஒரு கூடை இறங்கியது. அதன் பிறகு வரிசையாக எல்லாக் கூடைகளும் இறங்கின.

"தம்பி..." என்றேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக. அதாவது, எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. வாய் அசைந்ததை மட்டும் நிரோஷன் கண்டான்.

"ஓம் அண்ணை? இன்னும் கொஞ்சம் கெதியா அடிக்கட்டோ?"

"ம்" என்றேன்.

வாசலில் பெருமாள் தொப்பியைக் கழற்றிவிட்டார். பெரிய சேர் ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் சாவு மேளம். பெரிய சேருக்குப் போன் போட்டிருக்கிறார், போன் ஓஃப். பெருமாளுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இரண்டு கேட்டையும் அகலத் திறந்து வைத்தார்.

எதிர்க் கடை ஹனீபா நானா எட்டிப் பார்த்தார். "என்ன பெருமாள், என்ன கூத்து?"

"பெரிய சேர் போயிட்டாரு நானா."

"யா அல்லாஹ்! காலயில இங்கதானே பிளேன்டி குடிச்சிட்டுப் போன! மவுத்தாப் போயிட்டாரா? யாரு சொன்ன?"

"யாரு சொல்லணும்? அடிக்கிறாங்களே, கேக்கலயா?"

ஹனீபா நானா கடைக் கதவைப் பாதி மூடினார். உள்ளே போய், சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகளை எடுத்து வந்து, ஏணி போட்டு ஏறி, பாதைக்குக் குறுக்கே கட்டத் தொடங்கினார்.

தோட்டத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நாலு வாலிபர்கள் மூங்கில்களோடு வந்து, "பந்தல் எங்கண்ணே போடணும்?" என்று என்னைத்தான் கேட்டார்கள். இரண்டு கையிலும் குச்சி இருந்ததால் நான் தலையை ஆட்டினேன். தலை எந்தப் பக்கம் ஆடியதோ, அவர்கள் வலைப்பந்துத் திடலின் நடுவில் குழி தோண்டத் தொடங்கினார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரியை எடுத்தார்கள்.

"வெண்கட்டி புடிச்ச கையி
வெறுங்கையா போயிருச்சே,
மணியடிச்ச பள்ளிக்கூடம்
மண்ணாட்டம் ஆயிருச்சே..."

நிரோஷன் கண்ணில் நீர் வழிந்தது. துக்கத்தால் அல்ல. "பாருங்கோ அண்ணை, ஊரே வந்து கலக்குது! நான் கேக்கவே இல்லை, தாங்களே பாடினம்!" என்றான். பெண்களுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினான். ஒப்பாரி உயர்ந்தது. கையைத் தாழ்த்தினான். தாழ்ந்தது. (செத்த வீட்டில் கை காட்டி அழவைக்கிற ஒருவரை அந்தப் பெண்கள் கண்டதில்லை. பெரிய சேரின் மகனாக்கும், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்களாம்.)

இந்த நேரத்தில்தான் பெரிய சேர் பிரஷர் பார்த்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அடுத்து நடந்ததைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டோம். மேல் மலையிலிருந்து வந்த, அவரை முன்பின் பார்த்திராத பெண்களிடம், "எங்க எல்லாரும் போறியள்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஸ்கூல் பிரின்சிபல் ஐயா தவறிட்டாருங்க."

அந்தப் பாதையில் இரண்டு பள்ளிகள். எங்களுடையது ஒன்று, அதையொட்டி ஒரு சிங்களப் பள்ளி. தான் சாகவில்லை என்பதில் பெரிய சேருக்குச் சந்தேகம் இல்லாததால், மற்றப் பள்ளி அதிபர்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். போன கிழமை கதைத்த மனிசன்! வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஹனீபா நானாவின் கடையில் நின்று, "நானா, ஒரு பெட்டி ஊதுபத்தி தாங்கோ" என்றிருக்கிறார். ஏணி உச்சியில் கொடி கட்டிக்கொண்டிருந்த ஹனீபா நானா திரும்பிப் பார்க்காமலே, "எடுத்துக்கோங்க. சல்லி வாணாம், அந்த மனுசனுக்காக" என்றாராம்.

ஆட்கள் எங்கள் கேட்டுக்குள் போவதைப் பார்த்து, பக்கத்துப் பள்ளிக்காக எங்கள் பிள்ளைகள் அஞ்சலி செய்கிறார்கள் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டே உள்ளே வந்திருக்கிறார்.

அவரை முதலில் கண்டது நான்தான். மற்ற எல்லோரும் மேளத்தைப் பார்த்து நின்றார்கள். அவர் பெண்களுக்குப் பின்னால், ஊதுபத்திப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். தலையை நிமிர்த்தியவர் என்னைப் பார்த்துச் சோகமாகத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். (அவர் மரியாதை செய்யும்போது நான் செய்யாமல் இருக்கலாமா?)

நிரோஷன் கையை மூடி மேளத்தை நிறுத்தினான். அந்த அமைதியில், பக்கத்தில் நின்ற பெருமாளிடம் பெரிய சேர் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எத்தினை மணிக்கு மோசம் போனவர்?"

பெருமாள் மூக்கைச் சிந்தினார். "காலயிலங்க, ஆஸ்பத்திரியிலயே. வள்ளு வள்ளுன்னு விழுவாரு, ஆனா தங்கமான..." என்றபடி திரும்பினார்.

பெருமாள் போட்ட சத்தத்தை எந்த வாளியிலும் எடுக்க முடியாது. பெண்கள் எழுந்தார்கள். "ஐயோ, ஐயா வந்துட்டாரு!" என்று பாதிப் பேர் ஓடினார்கள். பந்தல் வாலிபன் ஒருவன் தான் தோண்டிய குழிக்குள்ளேயே காலை விட்டான். பெரிய சேர் சுற்றிலும் பார்த்தார்: கொடி, பந்தல், அழுத கண்கள். விஷயம் புரிந்தது. தன் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆர் இதை அடிக்கத் தொடங்கினது?"

நிரோஷன் வெளுத்துப்போய் நின்றான். அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் உயராத கை.

"எங்க அப்பா, சேர்!" என்றாள் தரணி, நெஞ்சை நிமிர்த்தி. பாவம், அவளுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

இனிமேல் பேசத்தான் வேண்டும். குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"சேர்... நீங்க சாகலன்னு எனக்கு முன்னமே தெரியும் சேர்."

பெரிய சேர் ஊதுபத்திப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். "நல்லது. அதை மற்ற ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே."

பிறகு நடந்ததெல்லாம் ஏச்சு. "வெக்கங்கெட்டவனே! கொழுந்த அப்புடியே போட்டுட்டு ஓடியாந்தோம்டா!" என்று ஒரு அக்கா கூடைக் கயிற்றை என் பக்கம் ஓங்கினார். ஹனீபா நானா ஏணியிலிருந்து இறங்கி வந்து, பெரிய சேரின் கையைப் பிடித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். பெரிய சேர்தான் எல்லோரையும் அமர்த்தினார். வந்தவர்களுக்குப் பிளேன்டி சொன்னார். பிறகு அந்தப் பெண்களிடம் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு என்ன பாடினனீங்கள்? ஒருக்கா பாடுங்கோ" என்றார். அவர்கள் சிணுங்கிக்கொண்டே பாடினார்கள். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். "பரவாயில்லை. கோபக்காரன் எண்டதைச் சேர்க்கேல்லை" என்றார்.

தரணி அதற்குள் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் போகும்போது பின் சீட்டின் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பார்வை ஒரு மணி நேரம் இருந்தது, போய்விட்டது, என் கையாலேயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். பாலத்தடியில் கண்ணாடியில் பார்த்தால் அவள் தோள் குலுங்கியது. ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மாடி, அழாத. அப்பா இனிமே ஸ்கூல் பக்கமே வரமாட்டேன்."

அவள் கையை எடுத்தாள். அழவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியிருந்தது.

"பெரிய சேர்... ஊதுபத்தியோட..." என்றாள். மேலே சொல்ல முடியவில்லை. சீட்டின் முதுகில் இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினாள்: டண்டக்கு டண்டக்கு டண்... டண்.

"அடிக்காத! ரோட்டுல ஆளுங்க நிக்கிறாங்க!" என்றேன். ஆனால் நானும் சிரித்துவிட்டேன், சத்தமாக.

நாங்கள் கண்டி மேடைக்கும் போனோம். பெரிய சேர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதன்படி, தொடங்குமுன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "அடுத்து வரும் தாளத்தைக் கேட்டு யாரும் எழுந்து செல்ல வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை." பெரிய சேர் முன்வரிசையில் நடு நாற்காலியில், சகலரும் பார்க்கக்கூடிய மாதிரி உட்கார்ந்திருந்தார். தரணி முன்னால் நின்று அடித்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், ஓட்டோவுக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதைத் தட்டினாலும் தொல்லைதான். மேசையில் விரல் பட்டால் செல்வி அடுப்படியிலிருந்து, "யாருக்குங்க?" என்பாள். கதவைத் தட்டினால் தரணி உள்ளேயிருந்து, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்பாள். ஸ்டாண்டில் ரிஸ்வான் என் கையில் குச்சியைக் கண்டாலே, "நானா, நான் நல்ல சுகம்" என்று சொல்லிவிடுவான்.

பெரிய சேர் இப்போது பென்ஷன் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவ்வப்போது போன் எடுப்பார். "தம்பி, நான் இன்னும் இருக்கிறன்" என்பார். நான் "சரி சேர்" என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

"யாருங்க போன்ல?" என்று செல்வி கேட்பாள்.

"பெரிய சேர்."

"இருக்காராமா?"

"இருக்காராம்."